கிளார்க்கம்மா எழுதிய நிரல்

அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பதினான்கு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இயந்திரம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் இங்கே வந்து நாலு மணி நேரம் சாய்ந்திருப்பார்கள். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம், பதினொன்றுக்கு ஒரு கூட்டம், மாலை நாலுக்கு ஒரு கூட்டம். மொத்தம் எண்பத்தோரு பேர்.

இதில் யார், எந்த நாள், எந்த வேளை, எந்த நாற்காலி என்று எழுதி வைப்பது கிளார்க்கம்மாவின் வேலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, சம்பளப் பட்டியலில். மற்றபடி டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் கிளார்க்கம்மாதான். வயது நாற்பத்தெட்டு. பதிவறையில் பதினைந்து வருஷம் தூசி தின்றுவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

நாற்காலி போடுவது என்ன பெரிய வித்தை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கலாம். இயந்திரங்களில் பாதி நாற்காலிக்கு இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நிற்கும். ஊசி போடுகிற கை எதுவோ அந்தப் பக்கத்தில் இயந்திரம் இருக்க வேண்டும். கல்லீரல் கிருமி உள்ளவர்களுக்கு மூலையில் மூன்று நாற்காலி தனி. தையற்காரம்மாவை ஏசிக்கு நேர் கீழே போட்டால் காலில் தசை இழுத்துக்கொள்ளும். டாக்சிக்காரரை இரண்டாவது வேளையில் போட்டால் அன்றைக்கு அவருக்குச் சவாரியே கிடைக்காது. பூகோள வாத்தியாரும் அவரை விட்டுப் பிரிந்துபோன மனைவியும் இரண்டு பேருமே இங்கே நோயாளிகள். ஒரே வேளையில் போட்டால் இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம் எகிறும். "அப்புறம் மெஷின் கத்துதா, வாத்தியார் கத்துறாரான்னே தெரியாது" என்பார் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர்.

இவ்வளவையும் அவள் ஒரு நீளமான ரிஜிஸ்டரில் பென்சிலால் போடுவாள், ரப்பரால் அழிப்பாள், மறுபடியும் போடுவாள். ஒருவருக்குக் காய்ச்சல் என்று வேளை மாற்றினால் பின்னால் ஒன்பது பேர் நகர வேண்டியிருக்கும். தாள் நைந்து ஓட்டை விழுந்துவிடும்.

மேஜையில் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வேறொரு பிரிவில் கழித்துக் கட்டியது. அதில் புதிதாக எதையாவது ஏற்ற முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். நிர்வாகி நாலாவது மாடியில், கணினிப் பிரிவில். அங்கே எழுதிப் போட்டால் பதில் வருவதற்குள் கேட்டது என்ன என்பதே மறந்துபோகும்.

ஏழாம் நாற்காலிக்கு வந்த ஒருவனால்தான் எல்லாம் தொடங்கியது. முப்பத்துநாலு வயது. புரோகிராம் எழுதுகிற வேலை. இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், அசைக்க முடியாது. வலது கையால் மட்டும், மடியில் வைத்த ஒரு சின்னத் திரையில் நாலு மணி நேரமும் தட்டிக்கொண்டே இருப்பான். தனக்குத் தானே ஒத்தைக்கை என்று பெயர் வைத்துக்கொண்டவன். "மாத்திரை போட்டீங்களா, டேப்லெட் எங்க?" என்று நர்ஸ் கேட்டால், "மடியில இருக்கு சிஸ்டர், விழுங்கத்தான் முடியல" என்பான்.

ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். கறுப்புத் திரையில் கலர் கலராக வரிகள்.

"இவ்வளவு தம்மாத்துண்டு பொட்டியிலயா ஆபீஸ் வேலை பார்க்குறே தம்பி?"

"பொட்டியில ஒண்ணுமே இல்லக்கா. இது பிரவுசர்ல திறந்த ஒரு பக்கம். எழுதற இடம், எழுதினதை ஓட்டிப் பார்க்கற மெஷின், எல்லாம் எங்கேயோ ஒரு கட்டடத்துல இருக்கு. வீட்டுல பாதி எழுதி நிறுத்தினதை இங்க வந்து அதே வரியில இருந்து தொடருவேன். லேப்டாப்பைத் தூக்கிட்டு வர என் உடம்புல தெம்பு ஏது?"

அவள் தன் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்போ எதையும் ஏத்த வேண்டாம்? கடவுச்சொல் கிடவுச்சொல் ஒண்ணும் வேண்டாம்?"

"பிரவுசர் திறந்தா போதும். ஏன்க்கா?"

"என் மேஜையில ஒரு கிழம் இருக்கு. நாலு தடவை இருமிட்டு பிரவுசர் திறக்கும்."

"அது போதும்க்கா."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் மூன்று நாள் அவன் வருவான். அவள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏழாம் நாற்காலி பக்கத்தில் உட்காருவாள். அவன் இல்லாத நாட்களில் மேஜையில் தானே முட்டி மோதுவாள். முதல் வாரம் ஒன்றிலிருந்து பதினான்கு வரைக்கும் எண்களை வரிசையாகத் திரையில் வரவழைத்தாள். வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஒருத்தி யாருக்கோ ஊசி கழன்றுவிட்டது என்று ஓடிவந்தாள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்காக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வரிக்குக் கீழே சிவப்புக் கோடு நெளிந்தால், "இது பதிவறை சூப்பரிண்டெண்ட் மாதிரியே இருக்கு தம்பி, தப்புன்னு கோடு போடும், என்ன தப்புன்னு சொல்லாது" என்பாள்.

வீட்டில் கணவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நாப்பத்தெட்டு வயசுல எந்தப் பரீட்சைக்கு இந்தப் படிப்பு?" என்று கேட்பார். ஆனாலும் அவள் அரைமணி முன்னதாகப் போக வேண்டும் என்று சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

நாற்காலி போட்டுத் தரும் நிரலை எழுதி முடிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. அதற்கு 'நாற்காலி' என்று பெயர் வைத்தாள். எண்பத்தோரு பேரின் பெயர், ஊசிக் கை, கிருமி உண்டா இல்லையா, எந்த வேளை ஒத்துவரும், எல்லாவற்றையும் கொடுத்தாள். முதல் தடவை ஓட்டியபோது அது மூன்று நொடியில் ஒரு வாரத்துக்கான அட்டவணையைப் போட்டுக் காட்டியது. பூகோள வாத்தியாரையும் மனைவியையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஜோடியாக உட்கார வைத்திருந்தது. அவளும் ஒத்தைக்கையும் சிரித்த சிரிப்பில் அவன் இயந்திரமே எச்சரிக்கை மணி அடித்தது. அன்றைக்கே 'சேரக்கூடாதவர்கள்' என்று ஒரு விதி சேர்த்தாள்.

அதற்குப் பிறகு ரிஜிஸ்டரை அவள் தொடவே இல்லை. வாத்தியார் ஒரு நாள் வந்தால் மனைவி மறுநாள். தையற்காரம்மாவின் கால் ஒருநாளும் இழுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தண்ணீர் சுத்திகரிக்கும் குழாயில் கோளாறு, ஐந்து இயந்திரங்கள் நின்றுபோயின. முன்பெல்லாம் இப்படி ஆனால் அன்று முழுக்க அடிதடிதான். கிளார்க்கம்மா அந்த ஐந்து எண்களையும் அடித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இடமில்லாத ஐந்து பேருக்கு இரவில் ஒரு வேளை கூட்டிப் புதிய அட்டவணை வந்தது. யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை.

பெரிய சிஸ்டர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதை ஏன் மேல சொல்லாம வச்சிருக்கீங்க? கண்காணிப்பாளருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. மத்தப் பிரிவுக்கும் உதவும். உங்களுக்கும் ஒரு நல்ல பேரு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பொய் சொல்வானேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவளை யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. அதோடு மனதுக்குள் ஒரு உறுத்தலும் இருந்தது. நல்ல காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருப்பது போல.

கணவரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஓடுற வண்டியை எதுக்குக் கொண்டுபோய் செக்போஸ்ட்ல நிறுத்தறே?"

"நாளைக்கு எனக்கு முடியாமப் போனா யார் பார்ப்பா? முறைப்படி இருந்தா நல்லதுதானே."

"நல்லதுதான். நல்லதுன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க."

அவள் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். எந்த இணையதளத்தில் எழுதினாள், எப்படி ஓடுகிறது, என்னென்ன விவரம் உள்ளே இருக்கிறது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்றாவது பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்கால். பதினான்கு பேர் கையில் பையோடும் போர்வையோடும் வாசலில் நிற்கிறார்கள். அவள் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பாக ஒரு கேடயப் படம் வந்தது. அடியில் ஒரு வரி: இவ்வகைத் தளங்களுக்கு அனுமதி இல்லை, கணினிப் பிரிவை அணுகவும்.

மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மறுபடியும் கேடயம்.  கணினிப் பிரிவு ஒன்பதரைக்குத்தான் திறக்கும். வாராவாரம் அச்செடுத்துக்கொண்டிருந்த பழக்கத்தையும் இரண்டு மாதமாக விட்டிருந்தாள்.

"கிளார்க்கம்மா, நான் எந்த நாற்காலி?" என்றார் டாக்சிக்காரர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒன்று இவர், இரண்டு அவர். பின்னால் நர்ஸ்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூலை நாற்காலிகள் மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டாள், அந்த மட்டுக்கும் தப்பித்தது. தையற்காரம்மாவைத்தான் தப்பான பக்கம் உட்கார வைத்துவிட்டாள். குழாயை மார்புக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, அந்தம்மா நாலு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். பதினொரு மணி வேளைக்கு ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். ஒருவர் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய் மாலையில் திரும்பி வந்தார்.

இந்த அமளிக்கு நடுவில் ஏழாம் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா. எனக்கும் சிவப்பு வந்துடுச்சு."

ஒத்தைக்கையின் மடியிலும் அதே கேடயம். நோயாளிகளுக்கான வைஃபையும் ஆஸ்பத்திரியுடையதுதானே.

"பன்னெண்டு மணிக்கு ஒண்ணு அனுப்பணும்க்கா. இன்னும் இருபது வரிதான் பாக்கி. போன்லயும் சிக்னல் இல்ல இங்க."

"ஊசியைக் கழட்டிட்டு மேல போக முடியாதா?"

"ரத்தம் பாதி வெளியில இருக்கு, நான் எப்படி மேல போறது?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அலுவலகத்துக்கு ஒரு செய்தி அடித்து போனை அவளிடம் நீட்டினான். "மேல போய் இதை மட்டும் அனுப்பிட்டு வந்துடுங்கக்கா."

அவள் படியேறி ஓடினாள். வாசல் கேட்டருகே போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு முடியாது, மன்னிக்கவும் என்கிற செய்தி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நொடியே பதில் திரையில் விழுந்தது. பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. ஒரே ஒரு சொல்: மறுபடியுமா?

கீழே வந்து போனைக் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, "சரி" என்றான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

அன்றைக்கு அவளால் இடத்தை விட்டு நகர முடியவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு நாலாவது மாடியில் அவள்தான் முதல் ஆள். கணினிப் பிரிவு அதிகாரி சாந்தமான மனிதர், அவளைவிட நாலைந்து வயது சின்னவர் இருக்கும். எழுந்து நாற்காலி போட்டார். ஒரு கோப்பைத் திறந்தார். மேலே இருந்தது அவளுடைய கடிதம். நாலு முத்திரையும் ஐந்து கையெழுத்தும் விழுந்திருந்தன.

"இதைப் பார்த்த பிறகுதான் மேடம் எங்களுக்கே தெரிஞ்சது. இப்படி ஒரு வகைத் தளம் இங்க திறந்து கிடக்குன்னு."

"என் லெட்டராலயா மூடினீங்க?"

"நீங்க எழுதினதுல தப்பே இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. எண்பத்தோரு பேரோட பேரு, வியாதி, யாருக்குக் கிருமி இருக்கு, யார் யார்கூடச் சேர மாட்டாங்க, எல்லாம் எங்கேயோ எவனோ ஒருத்தனோட கம்ப்யூட்டர்ல கிடக்கு. அந்த நோயாளிங்ககிட்ட நீங்க கேட்டீங்களா?"

  அவள் கேட்கவில்லை. இத்தனை மாதத்தில் அந்த எண்ணம் ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவர் சொன்னது நியாயமாக இருந்து தொலைத்தது.

"பேரை எல்லாம் எடுத்துடறேன் சார். நம்பர் மட்டும் போட்டுக்கறேன்."

"அதுக்கு ஒரு குழு இருக்கு. அவங்க பார்த்து அனுமதிக்கணும்."

"சரி, என்னை விடுங்க. கீழே ஒரு நோயாளி, அவன் பிழைப்பே அதுலதான். அவனுக்கு மட்டும் திறந்து விட முடியாதா?"

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நோயாளிங்க வைஃபையும் அதே குழாய்லதான் வருது. ஒருத்தருக்குன்னு தனியாத் திறக்க என் கையில அதிகாரம் இல்ல. ஒரு படிவம் தரேன், குழுவுக்குப் போடுங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் கூடுவாங்க." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு மேடம். உள்ள இருக்கற விவரம் அங்கேயே இருக்கக் கூடாது. நீங்களே அழிச்சிட்டீங்கன்னா உங்க மேல நடவடிக்கைன்னு ஒண்ணும் வராமப் பார்த்துக்கறேன். என் மெஷின்ல பத்து நிமிஷம் திறந்து விடறேன்."

"நான் எழுதினதை மட்டும் எடுத்து வச்சுக்கலாமா?"

"ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் மெஷின்ல எழுதினது. அது யாருக்குச் சொந்தம்னு சட்டப் பிரிவைக் கேக்கணும். இப்போதைக்கு வேண்டாமே."

அவருடைய பெரிய திரையில் 'நாற்காலி' திறந்தது. அவள் மேஜைக் கிழத்தில் மங்கலாகத் தெரிந்த எழுத்துகள் இங்கே கண்ணாடி போலத் தெரிந்தன. அறுநூற்றுச் சொச்சம் வரிகள். எந்த வரியில் எத்தனை நாள் அல்லாடினாள் என்று அவளால் சொல்ல முடியும். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றால் இதன் பெயரை நீங்களே ஒருமுறை தட்டச்சு செய்யுங்கள் என்றது. செய்தாள். முதல் தடவை எழுத்து மாறிவிட்டது, ஏற்க மறுத்தது. இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது. அதிகாரி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்ட் இருப்பதே ஞாபகம் வரவில்லை.

அன்றிரவு கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால்கூட அவள் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ரிஜிஸ்டர் திரும்பி வந்தது. பென்சில், ரப்பர், ஓட்டை விழுந்த தாள். அதெல்லாம் அவளுக்குப் பழகினதுதான். பழகாதது ஏழாம் நாற்காலி.

ஒத்தைக்கையின் அலுவலகத்தில் கெடு வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் கையில் கிடைக்காத ஆளை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பது அவர்கள் பேச்சு. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். "சிஸ்டர், அரைமணி முன்னாடி கழட்டி விட்டுடுங்க. வீட்டுக்குப் போய் அனுப்பணும்."

டாக்டர் திட்டினார். பெரிய சிஸ்டர் கெஞ்சினார். ஆனால் நோயாளி வேண்டாம் என்றால் பிடித்து வைக்க முடியாது. என் சொந்தப் பொறுப்பில் முன்னதாக முடித்துக்கொள்கிறேன் என்று ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பது கிளார்க்கம்மாவின் வேலை.

முதல் நாள் முப்பது நிமிஷம். அடுத்த வாரம் நாற்பது. ஒருநாள் ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம். நேரத்தை ரிஜிஸ்டரில் போடும்போதெல்லாம் பென்சில் முனை உடைந்தது. உடம்பில் நிற்கிற நீரெல்லாம் எடுபடாமல் அவன் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பின் வாரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

"வேண்டாம் தம்பி. உயிரோட விளையாடாதே."

"வேலை போச்சுன்னா வீட்டுல சும்மா உட்காரணும்க்கா. அது இதைவிட மோசம்."

"குழுவுக்குப் படிவம் போட்டிருக்கேன்."

"எப்போ கூடறாங்களாம்?"

 முதல் படிவம், டாக்டர் கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்திருந்தது. டாக்டர் கையெழுத்தோடு போட்ட இரண்டாவது, பழைய படிவம், இப்போது புதியது வந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மூன்றாவதைப் போட்டபோது கூட்டம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. நாலாவது மாடிக்கு அவள் ஏறி இறங்கியதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரி எழுந்து நாற்காலி போடுவார். உண்மையாகவே வருத்தப்படுவார். மனிதர் கல்நெஞ்சுக்காரராக இருந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டியிருக்கிறது. திங்கட்கிழமை பதினொரு மணி வேளையில் ஏழாம் நாற்காலி காலியாக இருந்தபோதுதான் அவளுக்குச் செய்தி தெரிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாவது மாடிக்கு ஓடினாள். அவன் மனைவி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளார்க்கம்மாவை அவளுக்குத் தெரியும், பேச்சில் கேட்டுத் தெரியும். "நீங்கதானே கூட உட்கார்ந்து எழுதுவீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் கிளார்க்கம்மாவுக்கு உடம்பு கூசியது.

உள்ளே அவன் முகத்தில் ஆக்சிஜன் மூடி. கண் திறந்திருந்தது.

"ஒண்ணு சொல்லணும் தம்பி. அந்தத் தளத்தை மூடினதுக்குக் காரணமே என் லெட்டர்தான். நான்தான் பெருமைக்கு ஆசைப்பட்டு எழுதினேன்."

அவன் மூடியைக் கொஞ்சம் விலக்கினான். "தெரியும்க்கா. அன்னிக்கே பெரிய சிஸ்டர் சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சா ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? திட்டேன்."

"திட்டறதுக்கு மூச்சு வேணுமே."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூடியை எடுத்து அவன் மூக்கின் மேல் சரியாக வைத்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை நின்றாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒன்பது நாளில் வீட்டுக்குப் போனான். அலுவலகத்தில் அவனை முழுநேர வேலையிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஒரு யோசனை சொன்னார். ஊரின் மறுகோடியில் இன்னொரு டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது, அது தரைத்தளத்தில், ஜன்னல் உண்டு, போனில் சிக்னல் உண்டு. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அவன் சரி என்றான். மாற்றல் படிவத்தை நிரப்பியது கிளார்க்கம்மா. ஊசிக் கை எது என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. ஓரத்தில் 'இடது கை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அவன் போன மூன்றாவது வாரம் குழுவிலிருந்து பதில் வந்தது. சம்பந்தப்பட்ட நோயாளி தற்போது இப்பிரிவில் இல்லாததால் நடவடிக்கை தேவைப்படவில்லை என்று இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தாள். அதை வைக்க வேண்டிய கோப்பு எது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை, அவள் பதிவறையில் வளர்ந்தவள்.

எட்டு மாதம் கழித்து வெளியிலிருந்து வாங்கிய புதிய மென்பொருள் வந்தது. விளக்கிச் சொல்ல ஒரு பெண் டை கட்டிக்கொண்டு வந்தாள். நோயாளியைப் பதியலாம், வருகையைக் குறிக்கலாம், படம் படமாக அறிக்கை எடுக்கலாம். கிளார்க்கம்மா கையைத் தூக்கினாள்.

"எந்தக் கையில ஊசின்னு எங்கம்மா போடறது?"

"அது அடுத்த பதிப்புல வரும் மேடம்."

"ரெண்டு பேரை ஒரே வேளையில போடக் கூடாதுன்னா?"

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். என்ன குறித்துக்கொண்டாளோ. இப்போது கிளார்க்கம்மா முதலில் பென்சிலால் ரிஜிஸ்டரில் போடுகிறாள், பிறகு அதைப் பார்த்துப் புதிய மென்பொருளில் ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். வேலை இரண்டு மடங்கு. வாரத்துக்கு ஒருநாளாவது வாத்தியாரும் மனைவியும் வாசலில் மோதிக்கொள்கிறார்கள்.

வீட்டில் தன் போனில் அவள் அந்தப் பழைய தளத்தை ஒருமுறை திறந்து பார்த்தாள். அங்கே தடை ஏதும் இல்லை. வெற்றுப் பக்கம் வந்தது, கர்சர் கோடு மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தாள். யாருக்காக என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை. மூடிவிட்டாள். "ஏன், எழுதேன்" என்றார் கணவர். "கை வரல" என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் பேருந்து ஏறி அவனைப் பார்க்கப் போனாள். பகல் வெளிச்சம் நிறைந்த கூடம். அவன் ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். இளைத்திருந்தான், காலில் வீக்கம் வடிந்திருந்தது. இங்கே முழுசாக நாலு மணி நேரம் இருக்கிறான் என்று பக்கத்தில் இருந்த அவன் மனைவி சொன்னாள். மடியில் அதே சின்னத் திரை, வலது கை தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா! வாங்க வாங்க. ஸ்டூலை இழுத்துப் போடுங்க."

போட்டு உட்கார்ந்தாள். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். சின்னச் சின்ன வேலைதான் வருகிறது என்றான். முன்னால் இருந்த மாதிரி இல்லை, ஆனாலும் ஏதோ ஓடுகிறது. வரிகள் அவளுக்குப் பாதி புரிந்தன, பாதி புரியவில்லை.

"நாற்காலியை மறுபடி எழுதலாம்க்கா. பேரு இல்லாம, நம்பர் மட்டும் வச்சு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ரெண்டு வாரம் போதும்."

"எழுதி?"

"அனுமதி கேட்டுப் பார்க்கலாம்."

அவள் அவன் கையைப் பார்த்தாள், ஊசி ஏறியிருந்த இடது கையை. குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"நீ உன் வேலையைப் பாரு தம்பி" என்றாள்.

அவன் வற்புறுத்தவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் கொண்டுவந்த பையை அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்தில் சிவப்புக் கோடு நெளிந்தது. அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போயிருந்தது. அவன் கவனிப்பதற்கு முன்பே அவள் கவனித்துவிட்டாள், சொல்லவில்லை. அவனே பார்த்துச் சரிசெய்துகொண்டான். மறுநாள் காலை ஆறு மணி வேளைக்கு இன்னும் இரண்டு பேருக்கு இடம் போட வேண்டியிருந்தது. எழுந்து சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்.